நிரந்தர விலாசம்

ஹாலிஎலவுக்கு மேலே இருந்த அந்த ராணுவ முகாமின் வாசலிலேயே நிஷாந்தினியை நிறுத்திவிட்டார்கள். உள்ளே பேசிக்கொண்டிருந்ததோ அவள் எழுதிய விவரக்கூற்றைப் பற்றி. பதினொரு கட்டடங்களையும் ஒரே கணினி வலையமைப்பில் இணைப்பது எப்படி, எந்த ஸ்விட்ச், எத்தனை மீட்டர் கேபிள், ஆயுதக் களஞ்சியத்துக் கணினிகளை கன்டீன் கணினிகளிலிருந்து பிரித்து வைப்பது எப்படி என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய இருபத்தேழு பக்கம். முதல் பக்கத்தில் பெயர் மட்டும் கனகசபையுடையது.

கனகசபை அவளுடைய முதலாளி, பதுளையில் கம்பனி நடத்துகிறவர். நல்லவர் மாதிரிதான் காரணம் சொன்னார். பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் நிரந்தர விலாசம் கேட்கிறார்களாம். அவளுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. கடிதம் வந்தால் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, நாலு கை மாறித்தான், தொழிலாளர்களின் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு வரும்.

“லயம் எண்டு எழுதினா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், பிள்ளை. டெண்டர் கையைவிட்டுப் போயிடும்.”

போய்த் தொலையட்டும் என்று வாய் வரை வந்தது. வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கனகசபை போன் அடித்தார். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் போதாதா, விலை கூடின ஃபைபர் எதற்கு என்று மேஜர் கேட்கிறாராம். பெயர் போட்டுக்கொண்ட மனுஷனுக்குப் பதில் தெரியவில்லை.

“எழுதுனவளயே கேக்கச் சொல்லுங்க சேர். கேட்லதான் நிக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் மேஜரே வந்தார். பின்னால் வியர்த்து வழிந்தபடி கனகசபை. அவள் சிங்களத்தில் விளக்கினாள். இந்த மலையில் இடி விழுந்தால் செம்புக் கம்பி வழியே ஓடி எல்லாக் கட்டடத்து ஸ்விட்சையும் பொசுக்கிவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. மேஜர் தலையாட்டினார். இவள் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டார். இவளுக்கு விலாசம் இல்லை என்றார் கனகசபை.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கனகசபையின் பக்கம் திரும்பினாள்.

“யுத்தம் நடந்தப்ப எங்கப்பாவ சந்தேகத்துல புடிக்க ஆமிக்காரங்க ஜீப்புல வந்தாங்க சேர். மூணாம் லயம், ஆறாம் காம்பரா. ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கல. நேரா எங்க கதவத்தான் தட்டுனாங்க.”

என்ன சொல்கிறாள் என்று மேஜர் கனகசபையிடம் கேட்டார். அவளே சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள், லயத்து இலக்கத்தையும் காம்பரா இலக்கத்தையும் இன்னும் கொஞ்சம் சத்தமாக.