பத்து மணி ராட்டினம்

துவைத்த படுக்கை விரிப்புகளில் நல்லதாக ஒன்றை எடுத்து அவர்மேல் போர்த்தச் சொன்னான் கொழுந்தன். நேற்று காலை அவள் மடித்துக்கொண்டிருந்த அதே அடுக்கு. அவளுக்குக் கை போகவில்லை. மகள்தான் எடுத்துப் போர்த்தினாள்.

விடுதியின் வரவேற்பறையில் நாற்காலிகளை ஒதுக்கி அவள் புருஷனைக் கிடத்தியிருந்தார்கள். இருபது வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் மாரடித்த இடம். மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு குடில்கள், கூடாரம் போட ஒரு திடல், வேலிக்கு அந்தப் பக்கம் பொழுதுபோக்குப் பூங்காவின் பெரிய ராட்டினம். பூங்காவுக்கு வருகிற குடும்பங்கள்தான் இங்கே தங்கும். நாள் முழுக்க அலறல் கேட்கும். புதிதாய் வந்தவர்கள் பதறினால், "அது ராட்டினம்மா, ரெண்டு நாள்ல பழகிடும்" என்பாள். சொல்லிச் சொல்லி வாய் தானாகவே சொல்லும். நேற்றும் சொன்னது.

நான்காம் குடிலின் கூரை ஒழுகுகிறதென்று அவர் ஒன்பது மணிக்கு ஏணியோடு போனார். பதினோரு மணிக்கு பிளம்பர்தான் குடிலுக்குப் பின்னால் அவரைப் பார்த்தார். விழுந்த பிறகு ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் போயிருக்கக் கூடாதா?

"ஒரு மணி நேரம்மா. அப்பா கூப்பிடாமலா இருந்திருப்பாரு? ஒருத்தர் காதுலயுமா விழல?" மகள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"விடும்மா. அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்" என்றான் கொழுந்தன்.

இரண்டாம் குடிலில் தங்கியிருந்த பெண் கதவோரம் நின்றிருந்தாள். நேற்று அவள்தான் வந்து, "யாரோ கத்துற மாதிரி இருக்குக்கா" என்றவள். இவள் விரிப்பை உதறிக்கொண்டே சிரித்தாள். வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ராட்டினம் பத்து மணிக்கு முன்னால் ஓடாது. அந்தப் பெண் வந்து சொன்னது பத்துக்குப் பிறகு என்றால் ஏமாந்துபோனேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் என்றால் கொன்றது இவள்தான். ராத்திரி முழுக்க இந்த ஒன்றுதான் அவளைத் தின்றது.

எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "நேத்து நீ வந்து சொன்னப்ப மணி என்ன இருக்கும்? பத்து தாண்டியிருக்கும்ல? தாண்டியிருக்கும்னு சொல்லும்மா."

அந்தப் பெண் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாண்டிடுச்சுக்கா. பத்தரை இருக்கும்."

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பெண் நேற்று நின்ற நிற்பும் கூடவே நினைவுக்கு வந்தது. வெந்நீர் பிடித்துக்கொண்டு அப்படியே வந்திருந்தாள். கையிலிருந்த குடத்தில் ஆவி பறந்தது. வெந்நீர் பாய்லரை தினமும் ஒன்பதரைக்கு அணைப்பது இவள்தான். நேற்றும் அணைத்தாள். அதற்குப் பிறகு குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

"நல்லாயிரும்மா" என்று சொல்லிக் கையை விட்டாள்.

கடிகாரத்தில் பத்து ஆனது. வேலிக்கு அப்பால் ராட்டினம் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. முதல் அலறல் கேட்டது. அறையில் யாரும் திரும்பவில்லை. அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா போற?" என்றாள் மகள்.

"யாரோ கூப்பிடுறாங்க. பாத்துட்டு வந்துடறேன்."

நான்காம் குடிலின் ஏணியை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை.