மரியநேசன் அண்ணாவியாரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள்

எங்கள் வாசிகசாலை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதன் தலையில் ‘இன்று நாம் நினைவுகூருவது’ என்று வெள்ளைப் பெயின்றால் எழுதியது, வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் நான்தான். அதன் கீழே ஒவ்வொரு நாளும் ஒருவரைப் பற்றியோ ஒரு நிகழ்வைப் பற்றியோ எழுதிப் படமும் ஒட்டுவேன். ரஷ்ய நாவலாசிரியர், ஆபிரிக்கத் தலைவர், ஊமைப்பட நடிகர், மனிதன் நிலவில் இறங்கிய நாள். கடலால் வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள்.

“இண்டைக்கு ஆர் பிள்ளை செத்தது?”

“சாகேல்லை, பிறந்தநாள்.”

“அப்ப ஆள் இருக்கிறாரோ?”

“இல்லை. செத்து நூறு வருசம்.”

“அப்ப செத்ததுதானே” என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் என் கூட்டாளி யூலியானா வந்தாள். கூத்துப் பழக்கும் மரியநேசன் அண்ணாவியாரின் கடைசி மகள் அவள்.

“எமில்டா, செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு எழுபத்தைஞ்சு. உன்ர பலகையில போடன்.”

“உயிரோட இருக்கிற ஒராளை நான் போட்டதில்லையடி.”

“அப்பா முதல் ஆளா இருக்கட்டும். வின்சன் மாமா உந்த வழியாலதானே தொழிலுக்குப் போறவர். கண்ணில படட்டும். அவர் ஒருக்கா வந்து கதைச்சாப் போதும், அப்பாவுக்கு வேறொண்டும் வேண்டாம்.”

அந்தக் கதை ஊருக்கே தெரியும். இருபது வருடம் அரசன் வேடம் கட்டியவர் வின்சன். 2003ஆம் ஆண்டுத் திருநாள் கூத்தில் அண்ணாவியார் அவருடைய அரசமுடியை எடுத்துத் தன் தங்கையின் மகனுக்குக் கொடுத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு இடம்பெயர்ந்து முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தபோதும் அவர்கள் பேசவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அண்ணாவியார் வின்சன் வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவார். தட்டு கழுவி, வெறுமையாகத் திரும்பி வரும்.

செவ்வாய் விடிய நான் ‘மரியநேசன் அண்ணாவியார், 75’ என்று என் வடிவான எழுத்தில் எழுதினேன். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கும் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரதியெடுத்து ஒட்டி, மேலே ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினேன். உள்ளே போய், மொழிபெயர்ப்பு நாவலொன்றில் விட்ட இடத்தைப் பிடித்தேன். அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குதிரைவண்டியில் ஒருத்தி ரயிலடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இடையில் ஒருதரம் நிமிர்ந்தபோது நாலைந்து பேர் பலகை முன்னால் நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் நெற்றியில் சிலுவை போட்டார். கலைஞனுக்கு ஊர் செய்யும் மரியாதை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. திரும்பவும் பனிக்குள் போய்விட்டேன்.

கோயிலில் சாவு மணி அடிக்கத் தொடங்கியபோது யார் போனதென்று பார்க்க வெளியே வந்தேன். சாவு நாளில் தொழில் இல்லையென்று, கடலுக்குப் போக நின்ற படகுகளைத் திரும்பக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் ‘நினைவுகூருவது’ என்பதற்குக் கீழே அண்ணாவியாரின் பெயரைப் பார்த்தேன். பிறகு ஓடினேன்.

வீட்டு முற்றம் நிறையச் சனம். புதுச் சேட்டோடு கதிரையில் அண்ணாவியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சாகேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணாவியார். ஒருநாள் தொழில் போச்சு” என்றான் படகை விட்டு வந்த ஒருவன்.

“உனக்கு மீன் படாததுக்கு நான் சாகவேணுமோடா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று அந்த நேரம் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. யூலியானா குசினியில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒழுங்கையிலிருந்து குரல் கேட்டது.

“மச்சான், என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லாமப் போட்டியேடா. பிழை என்ரையடா மச்சான்.”

வின்சன் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர். முற்றத்து நடுவில் வந்தபிறகுதான் கதிரையில் இருப்பவரைக் கண்டார்.

அண்ணாவியார் எழும்பினார்.

“வா மச்சான். வந்து இரு.”

வின்சன் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். ஒரு சிலரின் முகத்தில் சற்று முந்திய சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

“கடைசியில எனக்கும் ஒரு வேசம் தந்திட்டாய் என்ன. அழுகிற வேசம்” என்றார்.

அவர் ஒரு நிமிடம் நின்றிருப்பார். அது போதும். ‘பிழையாக எழுதியது நான்தான், அண்ணாவியாருக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. படகை இழுத்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார்.

பின்னேரம் வின்சன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உண்மையாத்தான் இருக்கும் பிள்ளை. அங்கை, அந்தச் சனத்துக்கு முன்னால சொல்லியிருந்தா நான் அவனுக்குப் பக்கத்தில இருந்திருப்பன்.”

“இப்ப வாங்கோவன் மாமா.”

“நான் அழுததை ஊர் பாத்திட்டுது. இனி அவன் உண்மையாச் செத்தாலும் என்னால அந்தப் படலைக்குள்ள போகேலாது.”

திரும்பி வரும்போது அண்ணாவியார் ஒழுங்கை முகப்பில் நின்றார். புதுச் சேட்டை இன்னும் மாற்றவில்லை. நான் எங்கே போய் வருகிறேன் என்று யூலியானா சொல்லியிருக்க வேண்டும்.

“என்னவாம்? வாறானாமோ?”

“ஆளைக் காணேல்லை ஐயா. களப்பில மீன்பிடிக்கப் போட்டார் போல.”

“காலமை என்னை மச்சான் எண்டு கூப்பிட்டவன், உனக்குக் கேட்டதே?”

“ஓம் ஐயா, கேட்டது.”

“நாளைக்கும் ஒருக்காப் போய்ப் பாரன் பிள்ளை.”

“ஓம்” என்றேன்.