பட்டினி போட்ட செல்கள்

முதல் கோடு வெறுமையாக இருந்திருக்க வேண்டும். இருட்டறையிலிருந்து ஈரப் பிலிமோடு வந்து அதை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள் ஹம்ஸினி. அங்கே கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. வளர்ச்சிக் காரணி என்று ஒன்று செல்லின் வாசலில் வந்து ஒட்டிக்கொள்ளும். உடனே உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, ‘பெருகு’ என்ற உத்தரவு உட்கருவரை போய்ச் சேரும். புற்றுச் செல்லில் இந்த உத்தரவுக்கு ஓய்வே கிடையாது. நடுவில் புகுந்து அதைத் தடுக்கிற ஒரு புரதத்தைத்தான் ஹம்ஸினி நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். உத்தரவு போனால் பிலிமில் பட்டை விழும், போகாவிட்டால் விழாது. அதைப் பார்க்குமுன் செல்களைப் பட்டினி போட வேண்டும். செல்கள் வளரும் சத்து நீரான மீடியத்தில் வழக்கமாகக் கலக்கும் சீரத்திலேயே, அதாவது ரத்தத் தெளிநீரிலேயே, வளர்ச்சிக் காரணிகள் மண்டிக் கிடக்கும்; அது கலக்காத மீடியத்தில் வைப்பதுதான் பட்டினி. மூன்று தட்டுச் செல்களில் முதல் தட்டுக்குப் பட்டினி மட்டும். இரண்டாவதற்குப் பட்டினிக்குப் பின் காரணி. மூன்றாவதில் தடுப்புப் புரதத்தை ஏற்றிவிட்டு, அதன்பின் பட்டினியும் காரணியும். ஒவ்வொரு தட்டின் செல் சாறும் பிலிமில் ஒரு கோடாக ஓடும்.

இந்த முறையும் பிலிம் சொதப்பினால் இந்தப் புரதத்தை மூட்டை கட்டிவிட்டு வேறு ஆராய்ச்சி தொடங்கச் சொல்லியிருந்தார் வழிகாட்டி வேணுகோபால். நாலு வருஷமும் ஆற்றில் கரைத்த புளி.

தட்டுகளைப் பட்டினி போட்டுவிட்டுப் போன மறுநாள் தெலங்கானா பந்த். வீடிருக்கும் சைனிக்புரியிலிருந்து கிளம்ப ஒரு ஆட்டோகூட வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்துதான் மீதி வேலையை முடித்தாள். பந்த் என்றால் வளாக விடுதியில் இருப்பவர்கள் எல்லாருடைய செல்களுக்கும் மீடியம் மாற்றிவிடுவது இந்த லேபின் வழக்கம். இப்போது விடுதியில் இருப்பது ஆக்னஸ், தூத்துக்குடிக்காரி. புரதப் படிகங்களோடு மல்லுக்கட்டுபவள், செல் வேலைக்குப் புதிது.

“பந்த் அன்னிக்கு என் தட்டுல கை வெச்சியாடி?”

“எல்லாருக்கும் மாத்துனேம்லா, ஒனக்கும் மாத்துனேன். செல்லெல்லாம் வாடுன மாரி கெடந்துச்சு, பாவமாயிருந்துச்சு.”

“சீரம் போட்ட மீடியமா?”

“பின்ன?”

யாரை நொந்துகொள்வது? மூடியில் ‘பட்டினி’ என்று எழுதாமல் போனது ஹம்ஸினிதான். அது தெரிந்ததால் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. “போச்சு, எல்லாம் போச்சு!” என்று பிலிமைக் குப்பைத் தொட்டியில் போடப் போனவளின் கை பாதியில் நின்றது.

இரண்டாவது கோடும் கறுத்திருக்க, மூன்றாவதில் லேசான நிழல்தான் இருந்தது. மூன்றிலும் ஒரே அளவு சாறு ஓடியிருந்ததை அவள் முன்பே சரிபார்த்திருந்தாள்.

“மூணாவதுக்கும் போட்டியா?”

“போட்டேன்டி. மன்னிச்சிரு.”

“அழாதே. வயிறு முட்டப் போட்டும் அடக்கியிருக்கு, பாரேன். உடம்புக்குள்ள செல் என்னிக்குடி பட்டினி கிடந்தது? ரத்தம் ஓடிண்டேதானே இருக்கு.”

சொன்னபின் பயம் வந்தது. ஒருமுறை நடந்தது தற்செயல் என்பார் வேணுகோபால், அதுவும் நியாயம்தான். சந்தோஷப்படக்கூடத் துணிச்சல் வரவில்லை. மறு சோதனைக்கென்று பட்டினி போட்டுத் தயாராக வைத்திருந்த மூன்று தட்டுகளை எடுத்துவந்து ஆக்னஸின் முன் வைத்தாள்.

“அன்னிக்கு எப்படிப் போட்டியோ அப்படியே போடு.”

ஆக்னஸ் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினாள். மூன்றாவது தட்டின் மூடியைத் திறந்தாள். பிப்பெட்டின் நுனியில் இளஞ்சிவப்பு மீடியம் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் நின்றது.