புளி போட்டுத் தேய்த்த பொன்கட்டி

செத்துப்போன முத்துசாமி அண்ணன் விட்டுப்போன பொன்கட்டியை உருக்கித் தோடு செய்துகொள்ளப் போவதாகக் காசம்மாள் அண்ணி சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டாணி அளவுதான். ஆனால் ஆற்று மணலில் தானாக விளைந்த பொன். அதை யாராவது உருக்குவார்களா?

மே மாதம் வந்தால் போதும், நானும் அண்ணனும் செலியமேட்டிலிருந்து பஸ் பிடித்து நிலம்பூர் ஆற்றுக்குப் போய்விடுவோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் மணலை அலசுவோம். பெரும்பாலும் ஒரு மண்ணும் கிடைக்காது. ஊரில் எங்களைப் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! அந்தச் சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

ஒரு வருஷம் அண்ணன் தட்டில் இந்தக் கட்டி உருண்டது, வெள்ளைக்கல் ஒட்டியபடியே. அப்படிக் கல்லோடு இருந்தால்தான் சேகரிக்கிறவர்கள் தங்க விலைக்கு மேலே தருவார்கள். அதை ஆசாரி வாயாலேயே அண்ணிக்குச் சொல்லவைத்து, உருக்காமல் தடுத்துவிடலாம் என்றுதான் வில்லியனூருக்குக் கூடவே போனேன்.

அரிகரன் ஆசாரி கடையில் அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கட்டி பளபளவென்று இருந்தது. கல்லைக் காணோம்.

“வெள்ளைக்கல்லு எங்க அண்ணி?”

“கடைக்கு எடுத்தாரத அழுக்கோடவா எடுத்தாருவாங்க? புளி போட்டுத் தேச்சி, ஊசியால நோண்டிப் போட்டுட்டேன்.”

“இன்னா அண்ணி நீங்க! வெலையே அதுலதான இருந்துச்சி!” என்று கத்திவிட்டேன்.

ஆசாரி கட்டியை உரைகல்லில் லேசாக உரசிப் பார்த்தார். “நல்ல பொன்னுதான். இனிமே தங்க வெலதான் பெறும். உருக்கட்டா?”

“வேணாம்,” என்று முந்திக்கொண்டேன். “அண்ணன் ஞாபகமா அப்பிடியே கெடக்கட்டும்.”

அண்ணி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இத்தினூண்டுக்கா வருஷா வருஷம் என்னத் தனியா வுட்டுட்டுப் போனாரு?”

“பொன்னுக்காகப் போவல அண்ணி. தண்ணியில நின்னுக்கினு, கதை பேசிக்கினு, சிரிச்சிக்கினு... அதுக்குதான் போனோம்.”

“அவ்ளோ நல்லாவா இருந்துச்சி?” அண்ணியின் குரலில் கோபமே இல்லை. “அப்ப ஒரு வாட்டி என்னையும் இட்டுக்கினு போயிருக்கலாமே, அய்யனாரு.”

அண்ணி கையிலிருந்த கட்டியை வாங்கி ஆசாரியிடம் நீட்டினேன்.

“உருக்கிடுங்க ஆசாரி,” என்றேன். “தோட்டுல நாலஞ்சி மாடல் எடுத்து அண்ணிக்குக் காட்டுங்க. அவங்களுக்குப் புடிச்சதா பண்ணுங்க.”