குளத்தடியில் நாலு டிகிரி

என் குளத்தைப் பற்றி யாராவது எனக்குப் புத்தி சொன்னால் சுள்ளென்று கோபம் வரும். பதினோரு வருஷமாக மீன் வளர்க்கிறவள் நான். அதிலும் புத்தி சொன்னது என் நாத்தனார் என்றால் கேட்க வேண்டுமா!

அவளுக்குத் தெர்மாமீட்டர் செய்யும் பட்டறையில் வேலை. ஒவ்வொன்றும் சரியான டிகிரி காட்டுகிறதா என்று சோதிப்பாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் என் வீட்டுக்காரர் தங்கைக்கு வைத்த பெயர் பாதரசம்.

குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துபோகும் ஊர் எங்களுடையது. அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் முப்பத்திரண்டு தாய் மீன்கள் இருந்தன. குஞ்சிலிருந்து ஐந்து வருஷம் வளர்த்தவை. குளிர் போனதும் அவை முட்டையிட்டால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அதில் ஒற்றைக்கண்ணி என் செல்லம். கரையில் என் நிழல் விழுந்தாலே மேலே வந்துவிடுவாள்.

முன்பு ஒரு கோடையில் காற்றில்லாமல் பாதி மீன் செத்திருந்தது. அந்தப் பயத்தில் காற்றுக் குழாயைக் குளத்தின் ஆழமான இடத்தில் கல் கட்டி இறக்கியிருந்தேன். இப்போது குளம் உறைந்துவிடக் கூடாதே என்று அதை முழு வேகத்தில் ஓடவிட்டேன். மூன்று நாள் கடுங்குளிர். அக்கம்பக்கத்துக் குளங்களெல்லாம் ஐஸ் மூடிக்கொள்ள, என்னுடையது மட்டும் கொப்பளித்துக்கொண்டு திறந்தே கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் காலை ஒற்றைக்கண்ணி பக்கவாட்டில் சாய்ந்து கரையோரம் கிடந்தாள். இன்னும் ஏழெட்டு மீன்களும் அப்படித்தான். செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

லீவுக்கு வந்திருந்த பாதரசம் ஒரு பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரை வைத்து, கார்க்கால் மூடி, கல் கட்டி அடியில் இறக்கினாள். கார்க்கில் கட்டிய கயிற்றைச் சுண்டி இழுத்துத் திறந்து, அடித்தண்ணீரை அதில் நிரப்பி மேலே இழுத்தாள்.

"ஒண்ணரை டிகிரி. போச்சு! அண்ணி, குளத்தைக் கலக்கி வச்சிருக்கீங்க."

"நானா? காத்து விட்டிருக்கேன்டி. அதுங்க மூச்சு விட வேண்டாமா?"

"கோடைக்கு அது சரி. குளிருக்கு ஆகாது. தண்ணி குளிரக் குளிரக் கனத்து அடிக்குப் போகும். ஆனா நாலு டிகிரி வரைக்கும்தான். அதுக்கும் கீழ குளிர்ந்தா லேசாகி மேல வந்துடும். மேலயே ஐஸாகி மிதக்கும். அடியில நாலு டிகிரித் தண்ணி பத்திரமா உக்காந்திருக்கும். உங்க குழாய் அதை மேல தள்ளி, மேல இருக்கற குளிரைக் கீழ இறக்கிடுச்சு."

"குளிர்ந்தா லேசாகுமா? எந்த ஊரு நியாயம்டி இது?"

"தண்ணியோட நியாயம். அதுவும் உங்களை மாதிரிதான் அண்ணி. ஒரு அளவு தாண்டினா தலைகீழா நடந்துக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப அந்தச் சோம்பேறி குளத்துல அளந்து காட்டு, பாப்போம்" என்றேன். பக்கத்துக் குளத்துக்காரரை நான் அப்படித்தான் சொல்வேன். குளிர்காலம் முழுக்க ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத மனிதர். அவருடைய ஐஸில் ஒரு துளை போட்டு பாட்டிலை இறக்கினோம். வெளியே காது மரத்துப்போகிற குளிர். பாட்டில் மேலே வந்தது. நாலுக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. நானே மூன்று முறை பார்த்தேன்.

நேரே வந்து குழாயை நிறுத்தினேன். அதை இழுத்துக் கரையோரம் முழங்கால் ஆழத்தில் போட்டு, கெட்ட காற்று வெளியேற ஒரு சின்னத் துளை திறந்திருக்கும் அளவுக்கு மெதுவாக ஓடவிட்டேன். மறுநாள் குளம் மூடிக்கொண்டது. பெற்ற பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போல் இருந்தது எனக்கு.

தினமும் அளந்தோம். இரண்டு. இரண்டரை. அடி மண்ணின் சூடு தண்ணீரில் ஏறுகிறது என்றாள்.

"சூடானது மேல போயிடாதா?"

"நாலுக்குக் கீழ இருக்கறப்ப சூடு ஏற ஏறக் கனக்கும் அண்ணி. எங்கயும் போகாது."

அடேயப்பா! இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரில்தான் கைவிட்டுக்கொண்டிருந்தேன். மேலே தன்னையே போர்வையாக்கிப் போர்த்திக்கொண்டு, கிடைத்த கொஞ்சச் சூட்டையும் அடியில் பொத்தி வைக்கிற ஜீவன் இது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆச்சரியமாக இருந்தது. குளத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, நாத்தனார் பக்கத்தில் நின்றதால் கும்பிடவில்லை.

குளம் மூடிய ஒன்பதாம் நாள் நல்ல வெயில். ஐஸ் மேல் குப்புறப் படுத்து, கண்ணுக்கு இருபக்கமும் கையை அணைத்துக் கீழே பார்த்தேன். மீன்கள் அடியில் நிமிர்ந்து, கூட்டமாக நின்றன. நிதானமாக எண்ணினேன். முப்பது. இரண்டு போய்விட்டன, அது என் கை செய்த வேலை.

ஓரத்தில் ஒற்றைக்கண்ணி. என் நிழல் அவள் மேல் விழுந்தது. துடுப்பு அசைந்தது, மூக்கு மெல்ல மேலே திரும்பியது.

"வராதடி கண்ணு" என்றேன் ஐஸோடு வாய் வைத்து. "அங்கேயே இரு."

சட்டென்று எழுந்து, என் நிழலை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டேன்.