மீரான் வரை நாற்பது காலடி

1

இந்தக் கதையை எழுதுவதற்கு முன் அக்கா மகளை முற்றத்தில் நடக்கவிட்டு அளந்தேன். அவளுக்கு ஆறு வயது. அவளுடைய நாற்பது காலடி, எங்கள் அப்பாவின் காலடியில் இருபத்தாறுதான் வந்தது. கதைக்கு விதை அதுதான். மற்றதெல்லாம் கற்பனை, அதனால்தான் இத்தனை அடித்தல் திருத்தல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1938 மார்ச்சில் ரங்கூனிலிருந்து வந்த கப்பலில் ஜீனத் என்ற பெண்—"

வேண்டாம். கப்பல் வந்தால் கடலை எழுத வேண்டும். நான் கடல் பார்த்ததில்லை.

2

ஜீனத்துக்கு இருபது வயது. ரங்கூனில் பிறந்தவள், திருச்சிராப்பள்ளிக்கு இப்போதுதான் முதல் தடவை வருகிறாள். அவளுடைய அத்தா ரசூல் ரங்கூனில் படுக்கையில் இருக்கிறார். இனி கப்பலேற மாட்டார். அவருடைய தம்பி கலீல்தான் ஜீனத்துக்குச் சாச்சா. தங்கள் அத்தா மீரான் புழங்கிய இடங்களையெல்லாம் அவளுக்குக் காட்டிக்கொண்டு வருகிறார். மீரான் ஜட்கா ஓட்டியவர்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக் கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள்.

"இங்கதாம்மா குதிரைக்குத் தண்ணி காட்டுவாரு. சித்திரை வீதி மாமிங்க வேற வண்டியில ஏறவே மாட்டாங்களாம். குதிரை அவ்வளவு சாது."

"உங்க அத்தாவும் சாதுவா?"

"அவரு வாயத் திறந்தா குதிரையே தலையக் குனிஞ்சுக்குமாம்."

[கலீலை முதலில் புளுகராக எழுதியிருந்தேன். ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. ஆறு வயதில் தகப்பனை இழந்தவர், கேட்டதைத்தானே சொல்ல முடியும்.]

3

கடைசியாகத் தென்னூர்ப் பக்கம், மீரானை அடக்கம் செய்த கபர்ஸ்தான். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. போகவைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜீனத் அப்படிப்பட்டவள் இல்லை. வாசலில் நிற்கட்டும்.

"அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டு எண்ணிக் காட்டுச்சு," என்றார் கலீல். "வாசல்லேர்ந்து நேரா நாப்பது, மறந்துடாதடான்னுச்சு. அப்புறம் அது ரங்கூன் போயிடுச்சு. என்னை நாகூர்ல மாமா வீட்ல விட்டாங்க. இருபது வயசுல திரும்பி வந்தவன் நேரா இங்கதான் வந்தேன். பதினெட்டு வருஷம். ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்ல. அண்ணன்கிட்ட சொல்லு."

வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். நல்ல உயரம். இருபத்தாறில் ஒரு மருதாணிச் செடியைத் தாண்டினார். நாற்பதில் நின்று கையேந்தினார்.

[காலடிக் கணக்கை மட்டும் வைத்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று மருதாணியைச் சேர்த்தேன். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று காலையில் ரசூல் தனியாக வந்து அத்தாவின் கபர் மேல் ஊன்றிய குச்சி அது. தம்பிக்குத் தெரியாது. "தழைச்சிருக்கான்னு பார்த்துட்டு வாம்மா" என்பதுதான் மகளிடம் அவர் கேட்ட ஒரே காரியம்.]

ஜீனத்துக்குப் புரிந்துவிட்டது. ஆறு வயதுக் காலால் எண்ணிய நாற்பது. பதினெட்டு வருஷமாகச் சாச்சா வேறு யாருக்கோ ஓதிக்கொண்டிருக்கிறார்.

4

முடிவு, ஒன்று: சொல்லிவிடுகிறாள். கலீல் சிரிக்கிறார். பிறகு—

அந்தப் பிறகை எழுதக் கை வரவில்லை.

முடிவு, இரண்டு: சொல்லாமல் ஊர் திரும்புகிறாள். மருதாணி தழைத்திருக்கிறது என்கிறாள் அத்தாவிடம். பொய்யில்லை. ஆனால் மீரானுக்கு ஓத ஆளில்லை.

இந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது, நான் நினைக்காத ஒன்றைக் கலீல் செய்தார்.

5

திரும்பி வருகிற வழியில் மருதாணிக்குப் பக்கத்தில் நின்றார். அங்கேயும் கையேந்தினார். அப்புறம் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார்.

"அது யாரு சாச்சா?"

"யாரோ. ஒருத்தரும் வர்றதில்ல. பாவமேன்னு ஒண்ணு ஓதிட்டு வருவேன். கோடையில ஒரு குடம் தண்ணி ஊத்துவேன். எங்க அத்தாவுக்கு ஓதினதுல மிச்சம்னு வெச்சுக்கயேன்."

ஜீனத் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சொன்னால், பெற்றவருக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டேனே என்று சாச்சா உருகிப் போவார். நாற்பதாம் காலடியில் படுத்திருக்கிற ஆளுக்கும் அப்புறம் யார் வருவார்கள்? சொல்லாவிட்டால், மீரானுக்கு என்றைக்கும் மிச்சம்தான்.

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் அவள் அழுகிறாள். என்னால் ஆனது இவ்வளவுதான். இனி அவள் உங்கள் பொறுப்பு. வெயில் ஏறிவிட்டது. சாச்சா குடையை விரித்து, தான் வெயிலில் நின்றுகொண்டு, அவள் தலைக்கு மேல் பிடிக்கிறார்.

"என்னமோ சொல்ல வந்தியேம்மா?"