சூடாகாத வெயில்

இஸ்திரிக்கடைக்காரரின் மனைவி மேல் விழுந்த வெயில் மூன்று வருடங்களாகச் சூடாகவில்லை. ஒளியாக உள்ளே போனது, ஒளியாகவே தங்கிவிட்டது. சாயங்காலம் விளக்குப் போடுமுன் அவள் கையைத் தூக்கினால் போதும், அந்த வெளிச்சத்தில் கட்டிலுக்கடியில் உருண்ட சட்டைப் பொத்தானைக் கடைக்காரர் எடுத்துவிடுவார். உடம்பு மட்டும் நாளுக்கு நாள் சில்லிட்டுக்கொண்டே போனது. இன்னும் இரண்டு டிகிரி இறங்கினால் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாடியில் குடியிருந்த அறிவியல் வாத்தியார், "வெளிச்சம் உள்ள போய் அணுவையெல்லாம் உலுக்கணும். அந்த ஆட்டந்தான் சூடு. உங்க வீட்டம்மாகிட்ட ஆட்டமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைத்தாள் திருத்தப் போய்விட்டார். கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளியை அலட்டக் கூடாது என்பது அவர் கட்சி. அவளை ஜன்னலோரம் கறுப்புப் போர்வை போர்த்தி உட்காரவைத்தார்; போர்வை கொதித்தது, அவள் கொதிக்கவில்லை. அவள் எதைச் சொன்னாலும் "ஆமாம்மா" என்றார். வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு மூன்று வருடமாகச் சண்டை போட ஆளே இல்லை.

ஒரு நாள் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டினார்கள். கடை மேசை அவள் அறைக்கு வந்தது. அவளோ மூன்று தலைமுறையாக இஸ்திரி போடும் குடும்பத்துப் பெண். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலரை விட்டுட்டு முதுகைத் தேய்க்கிறீங்க? மூணு வருஷமா இப்படித்தானா?"

அவசரத்தில் இருந்தவர் வாய்தவறி, "எனக்குத் தெரியாதா? நீ பேசாம உக்காரு" என்றார்.

உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அவளுக்கு ஆடியது. உள்ளே கிடந்த ஆயிரத்துச் சொச்சம் நாள் வெயிலும் மளமளவென்று சூடானது. கொடியில் தொங்கிய முப்பது ஈரத்துணிகள் காய்ந்து மொறமொறத்தன. நாற்காலி வார்னிஷ் இளகி விரலில் ஒட்டியது. அவள் நிறுத்தவில்லை, காலரில் தொடங்கி அவருடைய தங்கைகள் வரை இழுத்துத் திட்டினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மா இல்லை. அவர் பயந்து பயந்து அவள் நெற்றியைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. "திட்டு, இன்னும் திட்டு" என்று அழுதுகொண்டே சிரித்தார். அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தவர் அன்று ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

டாக்டர் மருந்தை நிறுத்தி, தினம் ஒரு சண்டை, சாப்பாட்டுக்கு முன், என்று எழுதிக் கொடுத்தார். யாரும் அதிசயப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் ஒரு வாளி ஈரப் போர்வையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"அக்கா, இன்னைக்குச் சண்டை எத்தனை மணிக்கு?"